மங்குவதற்குள் எழுத வேண்டிய நாலு வரி

ஸ்விஃப்ட் விண்தொலைநோக்கியின் பணிமுறை என் பக்கம் வரும் நாட்களில் கைபேசியை எட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டுதான் தூங்குவேன். எங்கோ ஒரு பெரிய விண்மீன் இடிந்து கருந்துளையாகிறது, அல்லது இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிக்கொள்கின்றன. அங்கிருந்து கிளம்பிய காமாக் கதிர் வெடிப்பு கருவியில் பட்டதும் எச்சரிக்கை வந்துவிடும். நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுவதற்குள் பெரும்பாலும் வெடிப்பே முடிந்திருக்கும். எங்களுக்கு மிஞ்சுவது பின்னொளி, அதாவது வெடிப்புக்குப் பிறகு அதே இடத்தில் மெல்ல மங்கும் ஒளி.

அந்தப் பின்னொளியைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். 1967 முதல் முப்பது ஆண்டுகள் இந்த வெடிப்புகள் பதிவாகிக்கொண்டே இருந்தன. அவை பால்வீதிக்குப் பக்கத்திலா, அதைத் தாண்டி வெகு தொலைவிலா என்ற வாதம் மட்டும் தீரவில்லை. 1997 பிப்ரவரி 28 அன்று பெப்போசாக்ஸ் செயற்கைக்கோள் முதல்முறையாக ஒரு வெடிப்பின் எக்ஸ் கதிர்ப் பின்னொளியைப் பிடித்தது. அதே ஆண்டு மே மாத வெடிப்பு ஒன்றின் பின்னொளியில் செம்பெயர்ச்சியை, அதாவது பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளம் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதை, அளந்தார்கள். பல நூறு கோடி ஒளியாண்டுத் தொலைவு என்று தெரிந்தது.

2004 நவம்பரில் ஏவப்பட்ட ஸ்விஃப்ட், முதல் வேலையை யாரையும் கேட்காமல் தானே செய்துவிடும். காமாக் கதிரை ஆடி வைத்துக் குவிப்பது எளிதல்ல. அதனால் வெடிப்பை முதலில் உணரும் அதன் பேட் (BAT) கருவிக்கு மேலே சுமார் 50,000 ஈயச் சில்லுகளை ஒழுங்கில்லாமல் பதித்திருக்கிறார்கள். கீழே விழும் நிழலைப் பார்த்து, கதிர் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று உள்ளே இருக்கும் கணினி கணக்கிடும். உடனே தொலைநோக்கி முழுவதும் அந்தப் பக்கம் திரும்பும். ஒன்றிரண்டு நிமிடத்தில் அதிலுள்ள எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி வெடிப்பின் இடத்தைச் சில வில்விநாடிகளுக்குள் (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) சுருக்கிவிடும்.

அப்புறம்தான் மனிதர் வேலை. இது உண்மையான வெடிப்பா, வெறும் இரைச்சலா? நம் பால்வீதியில் இருக்கும் எக்ஸ் கதிர் இரட்டை விண்மீன் (துணை விண்மீனின் பொருளை இழுத்து எக்ஸ் கதிர் வீசும் இணை) ஏதாவது சீறுகிறதா? பட்டியலில் இல்லாத புதுப்புள்ளி, நேரம் ஆக ஆக மங்குகிறது என்றால் நம்பிக்கை கூடும். ஆனால் நிதானமாகப் பார்க்கலாம் என்று உட்காரவும் முடியாது. பத்தாவது நிமிடத்தில் இருந்த வெளிச்சம் நூறாவது நிமிடத்தில் பொதுவாகப் பத்தில் ஒரு பங்குக்கு வந்துவிடும். உலகெங்கும் உள்ள வானியலாளர்களுக்கு நாங்கள் அனுப்பும் நாலு வரிச் செய்தியை நம்பி, இரவாக இருக்கும் நாடுகளில் பெரிய தொலைநோக்கிகள் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டுத் திரும்புகின்றன. அதனால் கண்டதை மட்டும் எழுத வேண்டும். ஊகத்தை ஊகம் என்றே எழுத வேண்டும்.

2022 அக்டோபர் 9 அன்று நான் பணியில் இல்லை, வந்த செய்திகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தேன். பால்வீதித் தளத்துக்கு அருகே மிகப் பிரகாசமான ஒரு மூலத்தை ஸ்விஃப்ட் கண்டது. நம் பால்வீதியைச் சேர்ந்த புது மூலமாக இருக்கலாம் என்பதுதான் முதல் கணிப்பு. இருந்த தரவுக்கு அது நியாயமான கணிப்பு என்றே இன்றும் சொல்வேன். பிறகு பார்த்தால், சுமார் 53 நிமிடம் முன்பே ஃபெர்மி என்ற இன்னொரு விண்தொலைநோக்கியில் ஒரு பெரிய காமாக் கதிர் வெடிப்பு பதிவாகியிருந்தது. ஸ்விஃப்ட் கண்டது அதன் பின்னொளி! அவ்வளவு நேரம் கழித்தும் பேட் கருவியைத் தூண்டும் வலு அதற்கு இருந்தது. ஏறக்குறைய 200 கோடி ஆண்டுகளுக்கு முன் கிளம்பிய ஒளி அது. அந்த எக்ஸ் கதிர் நம் பால்வீதியின் தூசியில் பட்டுச் சிதறி வளையம் வளையமாகத் தெரிந்த படங்களை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

புதிதாகச் சேருபவர்களிடம் ஒன்றை வற்புறுத்திச் சொல்வேன்: ‘ஒன்றும் தெரியவில்லை’ என்ற செய்தியையும் தாமதிக்காமல் அனுப்புங்கள். 2009 ஏப்ரல் 23 வெடிப்பில் எக்ஸ் கதிர் தெரிந்தது, ஸ்விஃப்டின் புற ஊதா–ஒளியியல் தொலைநோக்கிக்கு எதுவும் தெரியவில்லை. தரையில் அகச்சிவப்பில் தேடியவர்களுக்குக் கிடைத்தது. செம்பெயர்ச்சி சுமார் 8.2, ஒளி அகச்சிவப்பு வரை நீண்டுபோயிருந்தது; பிரபஞ்சத்துக்கு 65 கோடி வயதுகூட ஆகாத காலத்து ஒளி.

பின்னொளி மங்கிய பிறகும் எனக்கு ஒரு வழக்கு இருக்கும். மங்கும் வேகம் ஒரு கட்டத்தில் திடீரென்று கூடும். அந்தத் திருப்பம் எப்போது வருகிறது என்று தெரிந்தால்தான் வெடிப்பிலிருந்து குறுகிய கற்றையாகப் பாயும் பீய்ச்சு எவ்வளவு குறுகியது, மொத்த ஆற்றல் எவ்வளவு என்று கணக்குப் போட முடியும். வரிசையில் வேறு இலக்குகள் காத்திருப்பது தெரியும். ஆனாலும் திட்டமிடுபவர்களிடம் இன்னும் சில நாள் கேட்பேன். கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் மறுநாளும் கேட்பேன்.