முடி இருக்கும் இடத்தில்தான் நிறம் திரும்புகிறது

சிகிச்சை தொடங்கி ஐந்தாவது மாதம் என்று நினைவு. முழங்கைக்குக் கீழே இருந்த வெள்ளைத் திட்டின் நடுவில், பேனா முனையால் தொட்டு வைத்தது போல நாலைந்து பழுப்புப் பொட்டுகள். அழுக்கு என்று நினைத்துத் தேய்த்தேன், போகவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு பொட்டின் நடுவிலும் ஒரு முடி.

எனக்கு வெண்புள்ளி வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. வாரத்துக்கு மூன்று நாள் 311 நானோமீட்டர் புற ஊதாக் கதிர் முன்னால் போய் நிற்கிறேன். அந்தப் பொட்டுகளைப் பார்த்து என்னைவிட டாக்டர்தான் அதிகம் சந்தோஷப்பட்டார். "ஸ்டெம் செல் முழிச்சுக்கிச்சு" என்றார்.

அன்றைக்கு அவர் படம் வரைந்து சொன்னது இது. நோய்க்கிருமிகளோடு சண்டை போட வேண்டிய நம் உடம்பின் டி செல்களே தோலின் மேலடுக்கில் நிறம் தயாரிக்கும் மெலனோசைட்டுகளைக் கொன்றுவிடுகின்றன. ஆனால் மயிர்க்காலின் உள்ளே, மயிர்க்கூச்செறியும்போது முடியை நிமிர்த்தும் குட்டித் தசை ஒட்டியிருக்கும் இடத்தில், ஒரு சேமிப்பு ஒளிந்திருக்கிறது. அங்கே இருப்பவை இன்னும் நிறம் தயாரிக்கத் தொடங்காத ஸ்டெம் செல்கள். தாக்குதலில் இருந்து அவை பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. கதிர் பட்டதும் பெருகி, முடி வழியாக மேலே ஏறி, சுற்றிலும் பரவுகின்றன. என் கையில் நடந்ததும் அதுதான்.

விரல் நுனிகளில் இருந்த வெள்ளை மட்டும் ஏன் மாறவே இல்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. அங்கே முடியே கிடையாதே! இது தெரியாமல் இரண்டு வருஷம் விரல்களைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஸ்டெம் செல் என்றதும் ஊசி விளம்பரங்களை அனுப்பும் நண்பர்கள் எனக்கு நிறைய. தன் தோலில் இருந்தே நிறச் செல்களைப் பிரித்து வெள்ளைத் திட்டில் நடும் அறுவை சிகிச்சை உண்மையிலேயே உண்டு. ஆனால் நோய் குறைந்தது ஒரு வருஷமாவது அடங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் புதிதாக நட்டதையும் டி செல்கள் விட்டுவைக்காது. சில டி செல்கள் தோலிலேயே குடியிருந்து பழைய பகையை மறக்காமல் வைத்திருக்கும். அதனால்தான் சிகிச்சையை நிறுத்தினால் பல பேருக்கு அதே இடத்திலேயே திரும்பி வருகிறது. அமெரிக்காவில் 2022இல் அனுமதி பெற்ற ருக்ஸோலிடினிப் களிம்பு, அந்த டி செல்கள் கிளப்பும் சமிக்ஞையைத்தான் தடுக்கிறது. சேமிப்பு காலியாகிவிட்ட இடத்தில் அதுவும் என்ன செய்யும்?

டாக்டர் முதல் நாளே என் திட்டுகளில் முடி கறுப்பா வெள்ளையா என்று பார்த்தது இதற்காகத்தான். முடியும் வெளுத்துவிட்டால் சேமிப்பும் போயிருக்க வாய்ப்பு அதிகம். இடது புருவத்தில் பாதி வெளுத்துவிட்டது. அந்தப் பாதியில் இன்னும் மூன்று கறுப்பு முடி இருக்கிறது, காலையில் முகம் கழுவும்போது எண்ணிப் பார்த்துவிடுவேன்.