வார்டு இன்சார்ஜ் இல்லாதபோது வார்டு எப்படி ஓடுகிறது? நர்சிங் மேனேஜ்மென்ட் படிப்பவர்களுக்கு

நர்சிங் மேனேஜ்மென்ட் தாளில் லீடர்ஷிப் ஸ்டைல் பகுதியை எல்லோரும் ஒரே மாதிரிதான் படிக்கிறார்கள். ஆட்டோகிராடிக் (அதிகாரமாக நடத்துவது), டெமாக்ரடிக் (கலந்து பேசி நடத்துவது), லெஸே ஃபேர் (தலையிடாமல் விட்டுவிடுவது) என்று பெயர்களை மனப்பாடம் செய்து, ஒவ்வொன்றுக்கும் நன்மை தீமை எழுதினால் பாஸ் ஆகிவிடலாம். ஆனால் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஒரு நைட் டியூட்டி முழுக்க நம் தலையில் வந்துவிடும். அன்றைக்குக் கைகொடுக்கும் விதமாகப் படித்தால் பரீட்சைக்கும் அதுவே போதும்.

நான் கேரளாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வேலை பாலக்காட்டில் ஒரு ஆஸ்பத்திரியில். வேலை பார்த்துக்கொண்டே மேற்படிப்பு முடித்து, இப்போது ஷிஃப்ட் பொறுப்பில் இருக்கிறேன். நோயாளிகளிடம் தமிழ், உடன் வேலை செய்பவர்களிடம் பெரும்பாலும் மலையாளம்.

உளவியலாளர் குர்ட் லெவினிலிருந்து ஆரம்பியுங்கள். 1939-ல் லெவின், லிப்பிட், ஒயிட் மூவரும் வெளியிட்ட ஆய்வில் பத்து வயதையொட்டிய பையன்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, மூன்று விதமான தலைவர்களின் கீழ் வேலை செய்யவிட்டார்கள். அதிகாரம் செய்யும் தலைவர் அறையில் இருக்கும்வரை வேலை நடந்தது. அவர் வெளியே போனதும் படுத்துவிட்டது. கலந்து பேசி நடத்திய குழுவில், தலைவர் எழுந்து போன பிறகும் வேலை தொடர்ந்தது. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். வகைப் பெயர்களைவிட இதுதான் முக்கியம் என்பது என் கருத்து.

உங்கள் ஸ்டைல் என்ன என்று தெரிய வேண்டுமா? டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போன பிறகு வார்டிலிருந்து எதற்கெல்லாம் போன் வருகிறது என்று கவனியுங்கள். சாம்பிளை எந்த லேபுக்கு அனுப்புவது என்பதற்குக்கூட அழைக்கிறார்கள் என்றால், எல்லா முடிவையும் நீங்களே எடுத்துப் பழக்கிவிட்டீர்கள். நோயாளிக்கு பிபி இறங்கியது காலை ஷிஃப்ட் மாறும்போது நடக்கும் ஹேண்டோவரில்தான் தெரிகிறது என்றால், உங்களிடம் சொல்லப் பயப்படுகிறார்களா, அல்லது எதை எப்போது சொல்ல வேண்டும் என்று நீங்கள் சொல்லித்தரவே இல்லையா என்று பார்க்க வேண்டும். கேள்வித்தாள் கொடுத்து மார்க் போடும் டெஸ்டுகள் இருக்கின்றன; நிரப்பிப் பாருங்கள், தப்பில்லை. ஆனால் அதில் பெரும்பாலும் நாம் எப்படி இருக்க ஆசைப்படுகிறோமோ அதையே டிக் செய்கிறோம்.

அதிகாரமாகப் பேசுவதே தப்பு என்று எழுதிவிடாதீர்கள். கார்டியாக் அரெஸ்ட் வந்தால் யாரிடமும் அபிப்பிராயம் கேட்க நேரமில்லை. "நீ கம்ப்ரெஷன், நீ ஆம்பு பேக், நீ மருந்து" என்று ஆளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நெஞ்சில் நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். கை சோர்வதற்குள் ஆளை மாற்ற வேண்டும். மருந்து கொடுத்தவர் "அட்ரினலின் 1 மில்லிகிராம் கொடுத்தாச்சு சேச்சி" என்று சத்தமாகத் திருப்பிச் சொல்ல, இன்னொருவர் நேரத்தைக் குறிக்க வேண்டும். எல்லாம் முடிந்து, கிராஷ் கார்ட்டை (அவசர மருந்து வண்டி) நிரப்பும்போது, என்ன தாமதமானது என்று எல்லோரிடமும் கேளுங்கள். அப்போது புதிதாகச் சேர்ந்த பெண்ணும் வாய் திறக்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள் ஒரே ஆள் இரண்டு ஸ்டைலில் நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஹெர்ஸி-பிளாஞ்சர்ட் என்ற இருவர் சொன்ன சிச்சுவேஷனல் லீடர்ஷிப், அதாவது ஆளுக்கும் வேலைக்கும் ஏற்ப ஸ்டைலை மாற்றுவது, இங்கேதான் வருகிறது. இதில் மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 'ரெடினெஸ்' (ஒரு வேலைக்கு ஆள் எவ்வளவு தயார்) என்பதை ஆளின் மொத்தத் தகுதியாக எழுதிவிடுகிறார்கள். அது வேலைக்கு வேலை மாறும். ஜெனரல் வார்டில் பல வருடம் இருந்த ஜிஎன்எம் (நர்சிங் டிப்ளமோ) படித்த அக்கா, கிடைக்காத வெய்னிலும் கேனுலா போட்டுவிடுவார். அந்த வேலையை அவரிடமே விட்டுவிடலாம், பக்கத்தில் நிற்கத் தேவையில்லை. அவரையே ஐசியு-வுக்கு மாற்றினால், வென்டிலேட்டர் அலாரத்துக்கு என்ன செய்வது என்று படிப்படியாகச் சொல்லித்தர வேண்டும். சீனியரிடம் எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டு விட்டுவிட்டால் நோயாளிதான் கஷ்டப்படுவார். மரியாதையாக "அக்கா, இன்றைக்கு இதை நாம் சேர்ந்தே பார்ப்போம்" என்றால் அவரும் ஏற்றுக்கொள்வார்.

டெமாக்ரடிக் ஸ்டைலுக்கு உதாரணம் கேட்டால் டியூட்டி ரோஸ்டரை எழுதுங்கள். எங்கள் ஊரில் ஓணத்துக்கும் விஷுவுக்கும் ஸ்டாஃபில் பாதிப் பேர் லீவு கேட்பார்கள், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மறு பாதிப் பேர் கேட்பார்கள். ஒவ்வொரு ஷிஃப்டிலும் குறைந்தபட்சம் எத்தனை பேர், அதில் அனுபவசாலிகள் எத்தனை பேர் என்பதை மட்டும் இன்சார்ஜ் உறுதியாகச் சொல்லிவிட வேண்டும். யார் யாருக்கு மாற்றிக்கொடுப்பது என்பதை அவர்களே பேசி முடிக்கட்டும். கடைசி நேர லீவு குறைந்துவிடும்.

டிரான்ஸ்ஃபர்மேஷனல் லீடர்ஷிப்புக்கு (உடன் இருப்பவர்களை ஊக்கப்படுத்தி மாற்றும் தலைமை) 1978-ல் பர்ன்ஸ், 1985-ல் பாஸ் (Bass) என்ற இரண்டு பெயர்களையும், பாஸ் சொன்ன, 'ஐ' (I) எழுத்தில் தொடங்கும் நான்கு அம்சங்களையும் வைத்துக்கொண்டால் போதும்.

சரி, விடை எழுதும்போது முதலில் விளக்கம், அப்புறம் யார் சொன்னது, உடனே ஒரு வார்டு உதாரணம் என்று எழுதுங்கள். உதாரணத்தில் நோயாளி யார், உடன் இருந்தவருக்கு அந்த வேலையில் எவ்வளவு பழக்கம், எவ்வளவு நேரம் இருந்தது என்ற மூன்றும் வர வேண்டும். இன்டர்வியூவில் "உங்கள் லீடர்ஷிப் ஸ்டைல் என்ன?" என்று கேட்டாலும் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லாதீர்கள். சமீபத்தில் ஒரு ஷிஃப்டில் எதை நீங்களே முடிவு செய்தீர்கள், எதைக் கேட்டு முடிவு செய்தீர்கள், எதை யாரிடம் ஒப்படைத்தீர்கள் என்று சொல்லுங்கள். அடுத்த கேள்வி "ஏன் அவரிடம்?" என்றுதான் வரும், அதற்கும் தயாராகப் போங்கள்.