எதிர்நீச்சல் வரப்போகுது, வீட்டில ஒரு அலுவலும் ஓடேல்ல

14.12.2024 சனி

புரோமோ போட்டுட்டாங்கள்!!! சன் ரீவி நாடகம் எதிர்நீச்சலின்ர ரெண்டாம் பாகம், ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’, 23ஆம் திகதி திங்கக்கிழமை இரவு 9.30க்காம். வேலையால வந்து செருப்புக் கழட்டேக்கையே அம்மா போனை நீட்டிக்கொண்டு நிக்கிறா, “இஞ்ச பார், உது ஆர் புதுப்பிள்ளை?” எண்டு. கதாநாயகி ஜனனியா நடிக்கிற ஆள் மாறியிட்டா. முந்தி நடிச்ச மதுமிதா இல்லையாம், பார்வதி எண்ட பிள்ளை வாறா. மற்ற மருமகள்மார் ஈஸ்வரி, நந்தினி, ரேணுகா மூண்டு பேரும் அதே ஆக்கள்தான், அந்தமட்டுக்கும் ஆறுதல்.

முதல் பாகத்தை ஜூன் மாசம் அவதிப்பட்டு முடிச்சவங்கள், அதுக்குப் பிறகு ஒன்பதரைக்கு எங்கட வீட்டில என்ன செய்யிறதெண்டு ஒருத்தருக்கும் தெரியேல்ல, அம்மா வேற நாடகம் ரெண்டு மூண்டு பிடிச்சுப் பாத்திட்டு விட்டிட்டா.

16.12.2024 திங்கள்

பிள்ளையார் பெருங்கதை விரதம் தொடங்கியிட்டுது, அம்மம்மா பிடிக்கிறா. பின்னேரம் பிள்ளையார் கோயிலுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனன். கதைப் படிப்பு முடிஞ்சு மோதகத்துக்கு நிக்கிற இடத்தில ஒரே நாடகக் கதைதான். ஒரு மாமி சொல்லுறா, நாடகத்து வில்லன் குணசேகரன் திருந்தி வந்தா தான் பாக்கமாட்டாவாம். எனக்கு அதைக் கேக்க உண்மையில சந்தோசமாக் கிடந்தது, ஏனெண்டா நானும் அதைத்தான் நினைச்சுக்கொண்டிருக்கிறன். படிச்ச பெட்டையளைக் கட்டிக்கொண்டு வந்து அடுப்படிக்குள்ள அடைக்கிற வீடு, அந்த மனுசன் கதிரையில இருந்துகொண்டு ஒவ்வொருத்தியையும் அதட்டுறது, இதில்லாட்டி பிறகென்ன எதிர்நீச்சல்? நாங்கள் ஜனனிக்காகப் பாக்கிறம் எண்டு வெளியில சொல்லுவம், ஆனா குணசேகரன் வராத நாளில அம்மா பாதியில எழும்பித் தேங்காய் திருவப் போயிடுவா. (தேங்காய் விக்கிற விலைக்கு இப்ப அதுவும் குறைவு.)

19.12.2024 வியாழன்

இண்டைக்கு மச்சாளோட கொழுவல். அவவுக்கு, மாரிமுத்துவுக்குப் பிறகு குணசேகரனா நடிக்க வந்த வேல ராமமூர்த்தியைக் காணப் பிடிக்காது. “மாரிமுத்து இருந்த இடத்தில ஆர் வந்தாலும் சரிவராது” எண்டு ஒரே பிடி. நான் சொன்னன், அவர் எழுத்தாளர், குரலும் மீசையும் அந்த வேசத்துக்குப் பொருந்துது, அவரை ஏன் பேசுறீங்கள், மற்ற ஆளின்ர நிழலுக்குள்ள வந்து நிண்டு நடிக்கிறதெண்டா லேசே எண்டு. கேக்கமாட்டா.

ஆனா மாரிமுத்து மாரிமுத்துதான், அதில எனக்கும் மாற்றுக்கருத்தில்ல. அந்த “ஏம்மா ஏய்”யை எங்கட ஒழுங்கைச் சின்னப்பெடியள்கூட சொல்லிக்கொண்டு சைக்கிள் ஓடினவங்கள். 2023 செப்டெம்பர் 8, இந்த நாடகத்துக்கு டப்பிங் குடுத்துக்கொண்டிருக்கேக்கதான் நெஞ்சுநோ வந்தது, அண்டைக்கே ஆள் முடிஞ்சுது. அம்மம்மா ஒவ்வொரு இரவும் ரீவியைப் பாத்து “நாசமாப் போவான், இவன் நல்லா இருப்பானே” எண்டு திட்டினவ, செய்தி கேட்டவுடன “ஐயோ என்ர ராசா” எண்டு குந்திக்கொண்டு அழுதா. பிறகு நாலைஞ்சு நாள் தன்ர வாயாலதான் இப்பிடி ஆச்சுதோ எண்டு புலம்பல் வேற. இப்ப புது ஆளைத் திட்ட மாட்டாவாம், “பாவம், அதுகும் வயசுபோன மனுசன்” எண்டுறா. திட்டாமல் அந்த நாடகத்தை என்னண்டு பாக்கிறது சொல்லுங்கோ.

22.12.2024 ஞாயிறு

கேபிள்காரருக்கு அம்மா ரெண்டுதரம் கோல் எடுத்திட்டா. மழைக்குப் பிறகு சன் ரீவி இடைக்கிடை புள்ளி புள்ளியா வருது. பெடியன் ஒருத்தன் வந்து மதிலில ஏறி நிண்டு வயர் முனையை வெட்டி, பல்லால சீவி, புது ஜொயின்ற் போட்டு, கறுப்பு ரேப்பைச் சுத்து சுத்தெண்டு சுத்திவிட்டான். காசு வேண்டாமாம். “நாளைக்கு வேலை செய்யாட்டி என்ர அம்மாவே என்னை வீட்டுக்குள்ள எடுக்கமாட்டா அன்ரி, எல்லா வீட்டாலயும் இதே கோல்தான்” எண்டான்.

அவன் போன பிறகு அம்மா கோலங்கள் கதை எடுத்தா. அதுகும் எதிர்நீச்சலை எடுக்கிற இதே டைரக்டர் திருச்செல்வத்தின்ர நாடகம்தான், 2003இல தொடங்கி 2009 வரைக்கும் இழுத்தது. 2006இல சண்டையால யாழ்ப்பாணத்துக்கு வாற ஏ9 பாதையைப் பூட்டி, பொழுதுபட்டா ஊரடங்கு, சாமான் இல்லை, ஒரு இடமும் போகேலாது, கரண்ட் இருந்தா மட்டும் கோலங்கள் கதாநாயகி அபியைப் பாக்கலாம். ஒருநாள் விட்டுப்போனா அடுத்தநாள் காலமை சங்கக்கடைக் கியூவில நிண்டு மற்ற ஆக்களிட்ட மிச்சக் கதை கேக்கிறதாம். இப்ப யூரியூப்பில துண்டு துண்டாக் கிடக்குது, ஆனா அம்மா தொடாள். “நேரத்துக்குப் பாத்தாத்தான் நாடகம்” எண்டுவா. பிடிவாதம்தான், ஆனா பேசவும் மனம் வரேல்ல.

23.12.2024 திங்கள்

எட்டரைக்கே சாப்பாடு முடிக்கவேணும் எண்டு ஓடர். புட்டும் கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பும். அம்மம்மா விரதச் சாப்பாட்டை முடிச்சிட்டு ஏழு மணிக்கே கதிரையைப் பிடிச்சிட்டா, இடையில நியூஸ் போட விடேல்ல, சத்தம் வேற இருவத்தைஞ்சில. மச்சாளும் வந்திட்டா, அதுதான் வேல ராமமூர்த்தி பிடிக்காத மச்சாள், கையில கச்சான் சரையோட.

கனடாவில சித்தி வேலையில, அங்க அப்ப காலமை 11 மணியாம். இரவுதான் பாப்பா. “அக்கா, கும்பிட்டன், கதையைச் சொல்லிப்போடாதேங்கோ” எண்டு வொயிஸ் போட்டிருக்கிறா. அம்மா “சொல்லமாட்டன், சொல்லமாட்டன்” எண்டு திருப்பி அனுப்பிப்போட்டு என்னட்டக் கேக்கிறா, முடிஞ்ச உடன அவளுக்கு ரீவியை அப்பிடியே போட்டோ எடுத்து அனுப்பலாமோ எண்டு.