ரெண்டு கட்டு எண்ணும் வரை

சாயங்காலம் 4 மணிக்கு ஊற்றிக் கொடுத்த டீ ஆறிப்போய், மேலே ஆடை படிந்து, கட்டிலோரம் அப்படியே இருந்தது. டீயை விடுகிற ஆளில்லை அந்த ஆச்சி. வண்டிச் சத்தம் கேட்டதுமே டம்ளரை நீட்டிவிடுவார். தோளைத் தொட்டு எழுப்பினேன். கண்ணைப் பாதி திறந்து, "நாக்கு வறண்டு கெடக்கு தாயி, கிறுகிறுன்னு வருது" என்றார். பிபி பார்த்தேன். 80/50.

கட்டிலின் கால்மாட்டை உயர்த்தினோம், டியூட்டி டாக்டர் ஓடி வந்தார், சலைன் ஏறியது. ராத்திரி 10 மணிக்கு 100/60 வந்த பிறகுதான் எனக்கு மூச்சு சீரானது.

ஆச்சிக்கு 68 வயது. விவரம் தெரிந்த நாளிலிருந்து மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றியவர். கிணற்றடியில் வழுக்கி விழுந்ததில் இடுப்பில் ஒரு முள்ளெலும்பு நசுங்கி, அதைச் சுற்றியிருந்த தசையெல்லாம் பலகை மாதிரி இறுகிவிட்டது. அந்தப் பிடிப்புக்குத்தான் டிசானிடின் 2 மி.கி., நாளைக்கு 3 வேளை. மூன்றாம் நாள் நீர்க்கடுப்பு என்று சொன்னார். வேறொரு டாக்டர் அதற்கு சிப்ரோஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை எழுதினார். இரண்டையும் ஒரே கிண்ணத்தில் போட்டு, தண்ணீரும் கொடுத்து விழுங்க வைத்தது நான்தான்.

இவை இரண்டும் சேரவே கூடாத மருந்துகள். டிசானிடினை உடைத்து வெளியேற்றுகிற கல்லீரல் நொதியை சிப்ரோஃப்ளாக்சசின் தடுத்துவிடும். ரத்தத்தில் டிசானிடின் சுமார் 10 மடங்கு வரை ஏறிவிடும். டிசானிடினோ, ரத்த அழுத்தத்தைக் குறைக்கக் கொடுக்கிற குளோனிடினுக்குப் பங்காளி மாதிரி, அதுவும் பிபியை இறக்கும். போதாததற்கு ஆச்சி ஏற்கெனவே அம்லோடிபின் என்ற பிபி மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கேஸ் ஷீட்டில் மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்தது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் படித்தேனே தவிர, மூன்றையும் சேர்த்துப் படிக்கவில்லை. எழுதியவர் டாக்டர், கொடுத்தது மட்டும்தானே நான் என்று சொல்லி இதிலிருந்து நான் விலக முடியாது. நோயாளியின் வாய்க்குப் போவதற்கு முன்னால் மருந்தைக் கடைசியாகப் பார்க்கிற கண் நர்ஸினுடையது.

இன்னொன்றும் உறுத்துகிறது. மதியம் 2 மணிக்கே அவர் அயர்ந்து கிடந்ததைப் பார்த்தேன். "ரெண்டு நாளா பொட்டுத் தூக்கமில்ல சிஸ்டர், இப்பத்தான் வலி தெரியாம தூங்குதாவ" என்றார் மகள். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது, திரையை இழுத்துவிட்டுப் போனேன். பேர்தான் தசைப்பிடிப்பு மாத்திரை. டிசானிடின், பேக்லோஃபென், மெத்தோகார்பமால் என்று நாங்கள் வார்டில் கொடுப்பதில் பெரும்பாலானவை நேராகத் தசையில் வேலை செய்வதில்லை. மூளையையும் தண்டுவடத்தையும் தணித்து, அதன் வழியாகத்தான் பிடிப்பை விடுவிக்கின்றன. அதனால் தூக்கமும் கூடவே வரும், நடையும் தள்ளாடும். வலி குறைந்த தூக்கமா, மருந்து அமுக்கிய தூக்கமா என்று திரைக்கு வெளியே நின்று சொல்ல முடியாது. எழுப்பிப் பேசிப் பார்க்க வேண்டும், பிபி பார்க்க வேண்டும்.

இதற்கு நேர் எதிராக ஒன்றையும் பார்த்திருக்கிறேன். பனையேறி விழுந்து தண்டுவடம் அடிபட்ட ஒரு அண்ணன், கால் வெட்டி வெட்டி இழுப்பதற்கு மாதக்கணக்கில் பேக்லோஃபென் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாத்திரை தீர்ந்துபோனது. அடுத்த ஓ.பி.க்குப் போகும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். காய்ச்சலும் விறைப்புமாக, இல்லாத ஆளோடு பேசிக்கொண்டு வந்து சேர்ந்தார். பேக்லோஃபெனைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். இப்போது வீட்டுக்கு அனுப்பும்போது, அட்டையில் 10 மாத்திரை மிச்சம் இருக்கும்போதே வந்துவிடுங்கள் என்று அட்டையைக் கையில் பிடித்துக் காட்டியே சொல்கிறேன்.

ஆச்சிக்கு டிசானிடினைத் திரும்பத் தொடங்கவில்லை. பாராசிட்டமால், துணி சுற்றிய வெந்நீர்ப் பையால் 15 நிமிட ஒத்தடம், முட்டிக்கு அடியில் தலையணை. திரும்பிப் படுக்கும்போது தோளும் இடுப்பும் முறுக்காமல் ஒரே கட்டையாக உருட்டிவிடுவோம். அதிலேயே பிடிப்பு மெல்ல விட்டது. டாக்டர் இடுப்புப் பெல்ட் போட்டு நடக்கச் சொன்ன அன்று, படுக்கவைத்து ஒருமுறை, நிற்கவைத்து ஒருமுறை பிபி பார்த்தேன். நின்றதும் மேல் அளவு 20க்கு மேல் இறங்கினால் நடக்கவிடக் கூடாது. ஆச்சிக்கு 8 இறங்கியது.

எழுந்தவுடன் நிற்கக் கூடாது, கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டுக் கொஞ்ச நேரம் உட்காரணும் என்றேன். "கொஞ்ச நேரமுன்னா எம்புட்டு?" என்று கேட்டார். சுவர்க் கடிகாரம் அவர் கண்ணுக்குத் தெரியாது. ஒரு கட்டுக்கு எத்தனை பீடி ஆச்சி என்றேன். 25. அப்போ ரெண்டு கட்டு எண்ணிட்டு எந்திரிங்க என்று சொல்லிவைத்தேன்.

மறுநாள் விடிகாலை பிபி கருவியோடு உள்ளே போனபோது, ஆச்சி கட்டில் ஓரத்தில் கால் தொங்க உட்கார்ந்திருந்தார். மகள் பக்கத்தில் கையைப் பிடித்தபடி நின்றாள். ஆச்சியின் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் இலை சுருட்டுகிற மாதிரி மெல்ல உருண்டுகொண்டிருந்தன, உதடு அசைந்தது. என்னைப் பார்த்தும் பேசவில்லை. எண்ணி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"ரெண்டு கட்டு ஆச்சு தாயி. எந்திக்கட்டா?"