ஆட்டம் தொடங்குமுன் அடுப்பை அணைத்துவிட வேண்டும்

கிரிக்கெட் பார்க்கும் வீட்டில் அடுப்படிக்குப் போய்வரத் தாராளமாக நேரம் கிடைக்கும். ஓவருக்கு ஓவர் சிறு இடைவெளி உண்டு. விக்கெட் விழுந்தால் அடுத்த ஆட்டக்காரர் வந்து நிற்பதற்குள் ஒரு தோசையை வார்த்து எடுத்துவிடலாம். கால்பந்து அப்படி இடம் கொடுப்பதில்லை. 2014ஆம் ஆண்டு ஜூலை 8 அன்று பிரேசிலின் பெலோ ஹொரிசோன்ட்டே நகரில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதியில், 23ஆவது நிமிடத்திலிருந்து 29ஆவது நிமிடத்திற்குள் ஜெர்மனி நான்கு கோல்களை அடித்தது. நமக்கு அது நள்ளிரவு தாண்டி 1.30 மணிக்குத் தொடங்கிய ஆட்டம். தூக்கத்தை விரட்டத் தேநீர் போடலாம் என்று எழுந்து போனவர்கள், பால் பொங்கி வருவதற்குள் அந்த நான்கு கோல்களையும் தவறவிட்டிருப்பார்கள்.

ஆகவே பெரிய ஆட்டம் என்றால், என்ன செய்யலாம் என்று யோசிக்கும்போது எங்கள் வீட்டில் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: பந்து ஓடும் நேரத்தில் யாராவது அடுப்படியில் நிற்க வேண்டியிருக்குமா? நிற்க வேண்டியிருக்கும் என்றால் அந்தப் பண்டம் எவ்வளவு ருசியானதாக இருந்தாலும் அன்றைக்கு வேண்டாம். இந்தக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தவர் என் அத்தை. 1990 இத்தாலி உலகக் கோப்பையைத் தூர்தர்ஷனில் பார்த்து, இறுதியாட்டத்தில் அர்ஜென்டினா தோற்றதும் அதன் தலைவர் மரடோனா அழுததைக் கண்டு தானும் அழுதவர் அவர். அன்று முதல் அர்ஜென்டினா தோற்றால் மறுநாள் அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவரை அடுப்பு முன் நிறுத்திவிட்டு, ஆண்கள் மட்டும் கூடத்தில் உட்கார்ந்து "அத்தை, இன்னும் ரெண்டு வடை" என்று குரல் கொடுத்த காலமும் எங்கள் வீட்டில் இருந்தது. இப்போது ஆட்டம் தொடங்கக் கால் மணி நேரம் இருக்கும்போதே, "அடுப்பை அணைச்சாச்சு, இனி யாரும் என்னையத் தேடக் கூடாது" என்று சொல்லிவிட்டு அவர்தான் முதல் ஆளாக நாற்காலியில் வந்து அமர்கிறார். பெரிய ஆட்டத்துக்குரிய உணவின் இலக்கணம் இதற்குள் அடங்கிவிடுகிறது. முன்கூட்டியே செய்து முடித்துவிட வேண்டும், ஆறினாலும் கெட்டுப்போகக் கூடாது, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் ஒரு கையால் எடுத்து வாயில் போடத் தக்கதாக இருக்க வேண்டும்.

கால்பந்து ஊறிப்போன நாடுகளிலும் இதே கணக்குத்தான் இருக்கிறது. அர்ஜென்டினாவில் அரங்கத்துக்கு வெளியே சுட்ட தொத்திறைச்சியை ரொட்டிக்குள் வைத்துச் சோரிபான் என்று விற்பார்கள். இங்கிலாந்தில் உள்ளே இறைச்சி வைத்துச் சுட்ட பை, கைக்கு அடக்கமாகக் கிடைக்கும். ஸ்பெயினில் ஆட்டம் முடியும்வரை சூரியகாந்தி விதையைக் கடித்துத் தோலைத் துப்பிக்கொண்டே இருப்பார்கள். இவற்றில் எதற்கும் தட்டு வேண்டியதில்லை, குனிந்து பார்க்க வேண்டியதும் இல்லை.

நம் மதுரைப் பக்கத்தில் இந்த இலக்கணத்துக்கு எல்லா வகையிலும் பொருந்துவது கோலா உருண்டைதான் என்பது என் தீர்மானமான கருத்து. எலும்பு கிடையாது, குழம்பு கிடையாது, ஒரு வாய்க்கு ஓர் உருண்டை. மாலை ஐந்து மணிக்குக் கொத்துக்கறியை மஞ்சளும் உப்பும் போட்டு வதக்கத் தொடங்குவார் அத்தை. கறி விடும் தண்ணீர் முழுவதும் வற்றும்வரை அவர் அடுப்பை விட்டு நகர மாட்டார், ஏனென்றால் உருண்டை எண்ணெயில் உடைந்துபோவதற்குப் பெரும்பாலும் அந்த ஈரம்தான் காரணம். பிறகு சோம்பு, பட்டை, கிராம்பு, கசகசா, தேங்காய், பச்சை மிளகாய், இஞ்சி, பூண்டு ஆகியவற்றை வதக்கி ஆறவைத்து, கறியோடு சேர்த்துத் தண்ணீர் விடாமல் அரைப்பார். பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயத்தையும் கறிவேப்பிலையையும் அரைக்காமல் பிற்பாடு சேர்க்க வேண்டும். அரைத்துவிட்டால் வெங்காயம் நீர் விட்டு எல்லாவற்றையும் குழைத்துவிடும். கடைசியாகப் பொட்டுக்கடலையைப் பொடித்துத் தூவிப் பிசைவார். மீதி ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு கறியைப் பிடித்து நிறுத்துவது அந்தப் பொடிதான். ஆனால் அளவு மிஞ்சினால் கறியின் வாசம் அடங்கி மாவு வாசம் தலைதூக்கும். எனவே அவர் ஒரேயடியாகக் கொட்டுவதில்லை. கொஞ்சம் தூவி, ஓர் உருண்டை பிடித்து, உள்ளங்கையில் ஒட்டாமல் உருள்கிறதா என்று பார்த்து, அதன் பிறகே அடுத்த பிடியை அள்ளுவார். சில வீடுகளில் உருண்டையை வாழை நாரால் கட்டிப் பொரிப்பார்கள். அது கண்ணுக்கு அழகுதான். ஆனால் ஆட்டம் பார்க்கும்போது நாரைத் தேடி அவிழ்த்துக்கொண்டிருக்க முடியாது என்பதால் நாங்கள் கட்டுவதில்லை. எண்ணெய் மிதமாகக் காய்ந்திருக்க வேண்டும். புகைய விட்டுப் போட்டால் மேலே கருகி, உள்ளே மசாலா பச்சை வாடை அடிக்கும்.

2022ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவும் பிரான்சும் மோதிய இறுதியாட்டம் வந்தபோது இந்த வழக்கத்துக்கு ஒரு சோதனை வந்தது. டிசம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை, இரவு 8.30 மணி. மற்ற ஞாயிறாக இருந்தால் காலையிலேயே கறிக்கடையில் வரிசையில் நின்றிருப்போம். ஆனால் அது மார்கழி மாதம், அதோடு மாமா சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். மாலை போட்ட வீட்டில் கறி எடுப்பதற்கில்லை. ஆகவே வாழைப்பூக் கோலா செய்வதென்று முடிவாயிற்று. பூவை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கள்ளனை நீக்கி, கறுக்காமல் இருக்க மோரில் போட்டு வைக்கும் வேலைக்கு வீட்டில் இருந்த அத்தனை பேரும், அண்ணன் பிள்ளைகள் உட்பட, நண்பகலிலேயே கூடத்தில் உட்கார்ந்துவிட்டோம். அந்தப் பூவை வேகவைத்துப் பிழிந்து, ஊறவைத்த கடலைப் பருப்பைக் கொரகொரவென்று அரைத்து, சோம்பும் வெங்காயமும் தூக்கலாகச் சேர்த்துப் பொரித்த அந்த உருண்டை, கறிக் கோலாவுக்கு எந்த விதத்திலும் இளைத்ததாக இல்லை. முதல் பாதி முடிவதற்குள் அர்ஜென்டினாவின் மெஸ்ஸியும் டி மரியாவும் ஆளுக்கு ஒரு கோல் அடித்திருந்தபோது அத்தை தாராளமாக எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். 80ஆவது நிமிடத்தில் பெனால்டியாலும், அதன்பின் 97 நொடிக்குள் இன்னொரு அடியாலும் பிரான்சின் எம்பாப்பே ஆட்டத்தைச் சமன்செய்த நேரத்தில், கையில் எடுத்த உருண்டையை அவர் கடிக்கவே இல்லை. கூடுதல் நேரத்தில் 3-3 என்று நின்று, வெற்றியைத் தீர்மானிக்கும் பெனால்டி அடிகளில் 4-2 என்று அர்ஜென்டினா வென்றபோது மணி பதினொன்றரையை நெருங்கியிருந்தது. அதற்குப் பிறகுதான் அவர் சாப்பிட்டார். ஆறி அவலாகிப்போயிருந்தாலும் அந்த உருண்டைகள் நன்றாகவே இருந்தன.

கோலாவுக்கு அடுத்தபடியாக நான் வைப்பது அவித்த கடலை. மலிவானது, எளியது என்பதால் அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆட்டம் இறுகும்போது வயிற்றைவிடக் கைக்குத்தான் வேலை தேவைப்படுகிறது. கட்டைவிரலால் அழுத்தி ஓட்டைப் பிளந்து, பருப்பை உருவி வாயில் போட்டு, ஓட்டை மடியில் விரித்த தாளில் போடுகிற காரியத்தைக் கண் உதவியே இல்லாமல் மணிக்கணக்கில் செய்யலாம். அவிக்கும்போது உப்பைத் தாராளமாகப் போட வேண்டும். வெந்த உடனே வடித்துவிடாமல் அந்த உப்புத் தண்ணீரிலேயே அரை மணி நேரமாவது கிடக்க விட்டால்தான் உப்பு ஓட்டைத் தாண்டிப் பருப்புவரை போகும். பச்சைக் கடலை கிடைக்காத மாதங்களில் காய்ந்த கடலையை முதல்நாள் இரவே ஊறவைத்துவிட வேண்டும். சாத்தூர்க் காராச்சேவும் எங்கள் வீட்டில் ஒரு பொட்டலம் இருக்கும், ஆனால் அது தொடங்கிய கால் மணி நேரத்தில் தீர்ந்துபோய்விடுகிறது. குடிப்பதற்குக் காளிமார்க் போவண்டோ போதும். 1916இல் விருதுநகரில் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தின் திராட்சை மணம், காரமான கோலாவோடு சேரும் அளவுக்கு வேறெந்தக் குளிர்பானமும் சேர்வதாக எனக்குத் தோன்றவில்லை.

பரோட்டாவை என்ன செய்வது என்ற கேள்வி மதுரையில் எழாமல் இருக்காது. ஆட்டம் 8.30க்கு என்றால் அது சரியாகப் பரோட்டாக் கடைகளில் கூட்டம் நெரிகிற நேரம். பரோட்டாவும் சால்னாவும் கண்ணை வைத்துச் சாப்பிட வேண்டிய உணவு. பிய்க்க வேண்டும், ஊற்ற வேண்டும், ஊற விட வேண்டும், சட்டையில் சொட்டாமல் எடுக்க வேண்டும். எனவே அதை ஏழரை மணிக்கே முடித்துவிட்டு உட்காருவதுதான் நல்லது. இடைவேளைக்கு உகந்தது கொத்துப் பரோட்டா. பிய்க்கிற வேலையையும் ஊறவைக்கிற வேலையையும் கல்லில் நின்று மாஸ்டரே முடித்துக் கொடுத்துவிடுகிறார். வாழை இலையில் வைத்துத் தாளைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தால் ஒரு மணி நேரம்வரை சூடு தாங்கும். இலையின் மணமும் அதில் இறங்கியிருக்கும். எங்கள் தெருமுனைக் கடைக்காரரிடம், "அண்ணே, எட்டேகாலுக்கு வந்து எடுத்துக்கிறோம், வெங்காயம் தூக்கலாப் போட்டுக் கொத்திருங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவோம். இடைவேளை 15 நிமிடம்தான். அந்த நேரத்தில் கடைக்கு ஓடி வாங்கி வரலாம் என்று நினைப்பது, ஞாயிற்றுக்கிழமை மதுரைக் கடைகளின் கூட்டத்தை அறியாதவர்களின் எண்ணம்.

நம் ஊரின் பெருமைகள் என்று சொல்லத்தக்க சிலவற்றை நான் ஆட்டத்தின் பக்கமே கொண்டுவருவதில்லை. தோசைமேல் முட்டையும் அதன்மேல் கறியும் பரப்பிச் சுடுகிற கறிதோசையைக் கல்லிலிருந்து எடுத்த சூட்டிலேயே, கடையில் உட்கார்ந்து, அதை மட்டுமே கவனித்துச் சாப்பிட வேண்டும். கலக்கியும் அப்படித்தான், தொலைக்காட்சிக்கு முன் வருவதற்குள் அது இறுகிப்போய் ஆம்லெட்டாகிவிடும். நல்லி எலும்பை உறிஞ்சுவதற்கு இரண்டு கையும் முழுக் கவனமும் வேண்டும். ஜிகர்தண்டாவைப் பற்றி எனக்கும் மச்சானுக்கும் நெடுநாளாக வாதம் நடந்துவருகிறது. இடைவேளைக்கு அதைவிட நல்லது இல்லை என்பது அவர் கட்சி. சுண்டக் காய்ச்சிய பாலும், ஊறிப் பெருத்த பாதாம் பிசினும், நன்னாரி சர்பத்தும், மேலே மிதக்கும் ஐஸ்கிரீமும் ஒன்றோடொன்று கரைந்தும் கரையாமலும் இருக்கிற அந்தச் சில நிமிடங்களில்தான் ஜிகர்தண்டாவின் ருசியே இருக்கிறது என்பது என் கட்சி. விளக்குத்தூண் பக்கத்திலிருந்து பொட்டலம் கட்டி வீடு கொண்டுவந்து சேர்க்கும்போது எல்லாம் கலங்கி வெறும் இனிப்புப் பாலாகிவிடுகிறது. ஆட்டத்துக்கு முந்தைய நாள் மாலையில் கடைக்கே போய்க் குடித்துவிட்டு வருவது அதற்குச் செய்கிற மரியாதை.

நள்ளிரவு ஆட்டங்களுக்கு இந்த ஏற்பாடுகளில் பாதி உதவாது. 2010இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த இறுதியாட்டம் நமக்கு இரவு 12 மணிக்குத் தொடங்கியது. ஸ்பெயினின் இனியெஸ்டா கோல் அடித்தது 116ஆவது நிமிடத்தில். 2014இல் 12.30க்குத் தொடங்கிய இறுதியாட்டத்தில் ஜெர்மனியின் கோட்சே 113ஆவது நிமிடத்தில் அடித்தார். இரண்டு முறையும் அந்த ஒற்றைக் கோலுக்காக அதிகாலை இரண்டு மணியைத் தாண்டி விழித்திருக்க வேண்டியிருந்தது. தூங்கா நகரம் என்று பெயரெடுத்த ஊரிலும் அந்த நேரத்தில் திறந்திருக்கும் கடையைத் தேடிப் போனால் ஆட்டம் போய்விடும். பொரித்ததும் கறியுமாக வயிற்றை நிரப்பினால் இரண்டாம் பாதியில் கண் சொருகிவிடும் என்பதால், அப்போது எங்கள் வீட்டில் பொடி இட்லிதான். சின்னத் தட்டில் ஊற்றிய இட்லிகளை இரவு பத்து மணிக்கு அவித்து, ஆறியதும் எள்ளுப் பொடியையும் நல்லெண்ணெயையும் குழைத்து எல்லாப் பக்கமும் படும்படி புரட்டி வைத்துவிட்டால், ஊற ஊற ருசி கூடுகிறது. கூடவே பிளாஸ்க்கில் சுக்குமல்லிக் காப்பி, கருப்பட்டி போட்டது. அந்தி நேரத்தில் கிடைத்தால் பருத்திப்பாலும் வாங்கி வைப்பதுண்டு, ஆனால் அதை ஆட்டத்துக்கு முன்பே குடித்துவிட வேண்டும். ஆறினால் திரைந்து கட்டியாகிவிடும்.

2026 உலகக் கோப்பை இறுதியாட்டம் ஜூலை 19 அன்று நியூ ஜெர்சியில், அங்கே பிற்பகல் 3 மணிக்கு என்று குறித்திருக்கிறார்கள். நமக்கு அது ஜூலை 20, திங்கட்கிழமை பிறக்கும் இரவு 12.30 மணி, ஆடி மாதத்தின் தொடக்கம். பொடி இட்லிதான் முறை என்று நான் சொன்னேன். அர்ஜென்டினா இறுதிக்கு வந்தால் நள்ளிரவானாலும் கறிக் கோலா உண்டு என்று அத்தை சொல்லிவிட்டார். பதினொரு மணிக்குள் பொரித்து முடித்துவிடுவாராம். அப்படியானால் பொரித்த கோலாவைச் சூட்டோடு பாத்திரத்தில் போட்டு மூடக் கூடாது. ஆவி இறங்கி மேல்தோல் நமத்துவிடும். முறத்தில் தாளை விரித்து, ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்பி, விசிறிக்குக் கீழே ஆறவைத்தால் இரண்டாம் பாதி முடியும்வரை மொறுமொறுப்புத் தாங்கும்.