லோ வோல்டேஜ் சிங்கம்

அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதி உங்களுக்குப் புரிந்துவிடும். எனக்குத்தான் டிக்கெட் எடுக்கும்போது புரியவில்லை.

போன மாதம் அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து சிங்கப்பூர் வந்திருந்தார்கள். ஊர் என்றால் திண்டுக்கல் பக்கம் அய்யலூர், அங்கிருந்தும் இன்னும் உள்ளே போகணும், கடவூர் மலை அடிவாரம். காட்ட வேண்டியதையெல்லாம் முதல் நான்கு நாளில் காட்டி முடித்துவிட்டேன் (வீரமாகாளியம்மன் கோயில், முஸ்தஃபா கடை, மெர்லயன் சிலை, மறுபடி முஸ்தஃபா). இனி என்ன செய்வதென்று முழித்தபோது மனைவிதான் நைட் சஃபாரிக்குக் கூட்டிப் போகச் சொன்னாள். சொன்னவள் அன்றைக்கு நைட் ஷிஃப்ட் போட்டுக்கொண்டு தப்பித்துவிட்டாள்.

தெரியாதவர்களுக்கு: இது 1994-இல் திறந்தது, ராத்திரிக்கென்றே கட்டப்பட்ட விலங்குக் காட்சிசாலைகளில் உலகத்திலேயே முதலாவது. சாயங்காலம் ஏழேகாலுக்குக் கதவைத் திறந்து நடுராத்திரி மூடுவார்கள். பகலில் மிருகக்காட்சி சாலைக்குப் போனால் புலி நமக்கு முதுகைக் காட்டித் தூங்கிக்கொண்டிருக்கும் இல்லையா, அது எழுந்து நடமாடும் நேரத்தில் நாம் போய்ப் பார்ப்போம் என்பதுதான் யோசனை. இலங்கையில் தெஹிவளை மிருகக்காட்சி சாலையை நடத்திய லின் டி அல்விஸுக்கும் இந்த யோசனையில் பங்கு உண்டு. இதையெல்லாம் முந்தின நாளே படித்து, அப்பாவிடம் ஒப்பிக்கத் தயாராக வைத்திருந்தேன். அப்பா கேட்டது வேறு.

"எத்தனை ஏக்கர்?"

35 ஹெக்டேர். மனக்கணக்குப் போட்டு எண்பத்தாறு ஏக்கர் என்றேன்.

"தண்ணி வசதி?"

பக்கத்திலேயே சிலேத்தார் நீர்த்தேக்கம் இருக்கிறது என்றதும் "அப்ப நல்ல எடம்தான்" என்று பத்திரம் முடிக்கப் போகிறவர் மாதிரி தலையாட்டினார். டிக்கெட் ஒரு ஆளுக்கு ஐம்பது வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) மேல் என்பதை நான் சொல்லவில்லை. ஆனால் கவுண்டரில் ஒட்டியிருந்ததை அவரே படித்து, மூன்றால் பெருக்கி, அப்புறம் அறுபத்துச் சொச்சத்தால் பெருக்கி, பத்தாயிரம் ரூபாய் என்று அம்மா காதில் சொல்ல, அம்மா அந்த இடத்திலேயே கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அதற்கு முன்னால் ஸ்பிரிங்லீஃப் ஸ்டேஷனில் இறங்கி 138-ஆம் நம்பர் பஸ் பிடித்து வந்ததில் நான் டாக்ஸிக் காசை மிச்சம் பிடித்த பெருமையெல்லாம் அதோடு போயிற்று.

முதலில் டிராம். நாற்பது நிமிடம், வண்டி பூனை மாதிரி சத்தமில்லாமல் போகும், ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் தணிந்த ஆங்கிலத்தில் இடதுபுறம் பாருங்கள் வலதுபுறம் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே வரும். கம்பி வேலி கண்ணில் படாது, அகழி வெட்டி விலங்குகளைப் பிரித்திருப்பார்கள், மான் தாண்டக் கூடாத இடத்தில் தரையில் கம்பிப் பாலம் போட்டிருப்பார்கள். இடதுபுறம் கிர் காட்டுச் சிங்கத்தின் வகை, ஆசியச் சிங்கம், பாறை மேல் உட்கார்ந்திருந்தது. வண்டியில் இருந்த மொத்தப் பேரும் இடதுபுறம் சாய்ந்தார்கள். அப்பா மட்டும் அண்ணாந்து மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, சிங்கம்ப்பா."

"பாத்தேன் பாத்தேன். லைட்ட மரத்துல கட்டியிருக்கான் பாரு. வயரே தெரியல. எங்க கொண்டு போறான்னு பாக்கறேன்."

சரி, இதுதான் சமயம் என்று நான் படித்து வந்ததை எடுத்துவிட்டேன். இது சாதாரண லைட் இல்லை, நிலா வெளிச்சம் மாதிரித் தெரிய வேண்டுமென்று சைமன் கோர்டர் என்ற பிரிட்டிஷ் டிசைனர் பார்த்துப் பார்த்து அமைத்தது, விலங்குக்கும் தொந்தரவு இல்லாமல் நமக்கும் கண் தெரிகிற அளவுக்கு, என்று. அப்பா பொறுமையாகக் கேட்டார்.

"நிலா வெளிச்சம் சும்மாவே வருதே. அதுக்கு எதுக்குடா லைன் இழுக்கணும்?"

கொஞ்சம் கழித்து, கழுதைப்புலி வந்தபோது, "பௌர்ணமி அன்னைக்கு ஆஃப் பண்ணி வைப்பானா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கரடி வந்தபோது பேச்சே இல்லை, அவர் சர்வீஸில் இருந்த காலத்தில் ராத்திரி ஃபால்ட் பார்க்கப் போய் நிஜக் கரடியிடமிருந்து தப்பி சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிய கதை எங்கள் வீட்டில் பிரசித்தம். அந்த ஒரு விலங்கை மட்டும் மரியாதையாகப் பார்த்தார். அம்மாவோ டிராமில் ஏறியதிலிருந்து பின்னால் இருந்த சீனப் பாட்டியைப் பார்த்துச் சிரிப்பதும், அந்தப் பாட்டி பதிலுக்குச் சிரிப்பதுமாக வந்தாள். இறங்கும்போது இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு விடைபெற்றார்கள். என்ன மொழியில் பேசினார்கள் என்று இன்றுவரை தெரியாது.

டிராமில் போய்விட்டு வந்தால் பாதிதான் பார்த்ததாக அர்த்தம். மீதி நடைபாதைகளில் இருக்கிறது, என்னைக் கேட்டால் அதுதான் நன்றாகவும் இருக்கும். மீன்பிடிப் பூனைப் பாதை, சிறுத்தைப் பாதை என்று பெயர் வைத்திருக்கிறார்கள், இருட்டில் மரங்களுக்கு நடுவே நாமே நடக்கலாம். மீன்பிடிப் பூனை தண்ணீருக்குப் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தது, விரலிடுக்கில் கொஞ்சம் சவ்வு உள்ள பூனை, தண்ணீரில் இறங்கித் தானே மீன் பிடிக்கும். "நம்ம வீட்டுப் பூனைக்கு மீன்காரம்மா ஹாரன் அடிச்சாத்தான் பசியே வரும்" என்றாள் அம்மா, குரலில் வீட்டுப் பூனை மேல் ஒரு வருத்தம் தெரிந்தது.

கொஞ்ச தூரம் போனதும் அம்மா சட்டென்று நின்றாள்.

"தம்பி, யாரோ சோறு வடிக்கிறாங்கடா."

எனக்கும் வாசம் வந்தது. சாதாரணச் சோறு இல்லை, சூடான பாஸ்மதி. மணி ஒன்பதாகிவிட்டது, மத்தியானம் சாப்பிட்டதுதான். அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு போகாமல் மூக்கு போன வழியே போனாள், நாங்கள் பின்னாலேயே போனோம், கேன்டீன் வரும் என்று நம்பி. வந்தது ஒரு கிளை. அதன் மேல் கறுப்பாக, கரடிக்கும் பூனைக்கும் பிறந்தது போல ஒரு ஜந்து, நீள வாலைச் சுற்றிக்கொண்டு எங்களைப் பார்த்தது. பிந்துரோங். நம்ம ஊர் மரநாய்க்குச் சொந்தக்காரன். பாஸ்மதி அரிசிக்கும் இங்கே சமையலில் போடுகிற பாண்டான் இலைக்கும் வாசம் தருகிற 2-அசிட்டைல்-1-பைரோலின் என்கிற அதே வேதிப்பொருள்தான் இதனிடமும் இருக்கிறது. எங்கே இருக்கிறது என்பதை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"மூத்திரத்துலயா?" என்றாள் அம்மா.

அப்பா அன்றைக்கு முதல் முறையாக மனம் விட்டுச் சிரித்தார். மறுநாள் காலை வாங்கி வந்த நாசி லெமாக்கை (பாண்டான் இலை போட்டு வடிக்கிற தேங்காய்ப்பால் சோறு) அம்மா பிரித்து, ஒரு தடவை முகர்ந்து, அப்படியே மடித்து என் பக்கம் தள்ளிவிட்டாள்.

அடுத்தது பழந்தின்னி வௌவால் கூண்டு. கூண்டு என்றாலும் நாம் உள்ளே நுழைந்து நடக்கலாம். இரண்டு கதவு. உள்ளே போனால் தலைக்குக் கொஞ்சம் மேலேயே ஒவ்வொன்றும் ஒரு சின்னக் குடை அளவுக்குத் தொங்கிக்கொண்டு, நிதானமாகப் பழம் தின்றுகொண்டிருக்கும். அம்மா முந்தானையைத் தலையில் போட்டு, கண்ணை மூடி, என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "வௌவால் வீட்டுக்கு வௌவால் வந்தா நீயும் தொங்கு நானும் தொங்கு" என்றார் அப்பா. அதை வௌவாலுக்குச் சொன்னாரா, அவர்கள் வந்ததிலிருந்து ஹாலில் பாய் விரித்துப் படுக்கிற எனக்குச் சொன்னாரா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதுதான் அது நடந்தது.

இங்கே ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கக் கூடாது, ராத்திரி விலங்குகளின் கண்ணுக்கு ஆகாது. வாசலிலேயே அப்பாவின் போனை வாங்கி கேமரா ஃபிளாஷை நான்தான் அணைத்துக் கொடுத்தேன். ஆனால் அவருக்குக் காது மந்தம் என்று, அழைப்பு வந்தால் போனுக்குப் பின்னால் லைட் மின்னுகிற மாதிரி போன வருடம் ஒரு செட்டிங் வைத்துக் கொடுத்ததும் நான்தான். நமக்கு ஒன்பதரை என்றால் ஊரில் ஏழு மணி. ஏழு மணிக்குப் பெரியப்பா பால் சொசைட்டியிலிருந்து திரும்பியதும் தம்பிக்குப் போன் போடுவார். இருபது வருடப் பழக்கம்.

முருகன் பாட்டு முழு சத்தத்தில் எழும்ப, அதற்குத் தாளம் போடுகிற மாதிரி பளிச், பளிச், பளிச் என்று வெள்ளை வெளிச்சம் வெட்ட, மேலே ஒரு வௌவால் சிறகை விரிக்க, அம்மா "முருகா" என்று கத்திக்கொண்டு என் முதுகில் ஏறாத குறை. பக்கத்தில் நின்ற ஒரு ஆஸ்திரேலியக் குடும்பம் இதையும் காட்சியில் சேர்த்துக்கொண்டு கைதட்டியது. அங்கே வேலை பார்க்கிற பெண் ஓடி வந்து மிக மரியாதையாகப் போனைக் காட்டி ஏதோ சொல்ல, நான் பத்து முறை சாரி சொல்ல, அப்பா பதற்றமே இல்லாமல் பாக்கெட்டில் கையை வைத்து மூடிக்கொண்டு வெளியே வந்து சொன்னார்: "இந்த எண்பத்தாறு ஏக்கர்லயும் ஒழுங்கா எரிஞ்ச லைட்டு இது ஒண்ணுதான்."

கடைசியாகத் தேவாங்கு. உண்மையில் இங்கே இருப்பது வேறு இனம், சிங்கப்பூர்க் காட்டிலேயே உள்ளது, கடித்தால் விஷம்கூட உண்டு. ஊரில் இருப்பது குச்சிக்காலோடு மெலிந்திருக்கும், இது கொழுகொழுவென்று உருண்டையாக இருந்தது. கண் மட்டும் அதே கண். அப்பாவும் அம்மாவும் அன்றைக்கு அதிக நேரம் நின்றது அங்கேதான்.

"இதப் பாக்கவா பத்தாயிரம்? நம்ம கொல்லைப் புளியமரத்துல நிக்குமே."

பொய்யில்லை. எங்கள் மலையைச் சுற்றித்தான் 2022-இல் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவித்தார்கள், 11,806 ஹெக்டேர். இந்த சஃபாரியைப் போல முந்நூறு மடங்குக்கு மேல், டிக்கெட் இல்லை, டிராம் இல்லை, லைட்டும் இல்லை. நான் பிளஸ் டூ படித்தபோது மார்க் ஷீட்டை ஒளித்துக்கொண்டு நிற்கிற ஒவ்வொரு முறையும் "என்னடா தேவாங்கு மாதிரி முழிக்கிற" என்றுதான் அப்பா கேட்பார். இப்போது அவர் கிளையில் இருந்ததை ஒரு முறை, என்னை ஒரு முறை பார்த்தார்.

"இங்க வந்து ரெண்டு பேரும் நல்லா ஒடம்பு வச்சிட்டீங்க" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் பெரியப்பாவைக் கூப்பிட்டார். சிங்கம் பார்த்தோம், கரடி பார்த்தோம், சோறு மாதிரி மணக்கிற ஒன்றைப் பார்த்தோம் என்று கை கால் ஆட்டி ஒன்று விடாமல் சொன்னார், அட, இவ்வளவும் பார்த்திருக்கிறாரே என்று எனக்கே ஆச்சரியம். அந்தப் பக்கம் பெரியப்பா எப்படி இருந்தது என்று கேட்டிருக்க வேண்டும்.

"எல்லாம் நல்லாத்தாண்ணே வச்சிருக்காங்க. லோ வோல்டேஜுதான்."