ஈறு நோய் முற்றிய பிறகு பல் கிளிப்: சிகிச்சையின் வரிசை

நாற்பதுக்கு மேல் முன்பற்கள் விசிறியாக விரிந்தால், பெரும்பாலும் அவற்றைப் பிடித்திருந்த எலும்பு கரைந்திருக்கிறது என்று அர்த்தம். அதனால் முதல் சில மாதங்கள் கிளிப் டாக்டரிடம் வேலையே இல்லை, ஈறு டாக்டரிடம்தான்.

ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் பாக்கெட் (பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் விழுந்த பள்ளம்) ஆழம் அளப்பார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, வேர்வரை சுத்தம் செய்து, சுமார் 3 மாதம் கழித்து மறுபடி அளப்பார்கள். ஆழம் 4 மி.மீ.க்குள் வந்து, கருவி பட்டும் இரத்தம் கசியாமல் இருந்தால் கிளிப் பேச்சை எடுக்கலாம். 6 மி.மீ. குறையாமல் நின்றால் ஈறைத் திறந்து செய்யும் அறுவைசிகிச்சை தேவைப்படலாம். எலும்பு வளர்க்கும் அறுவைக்குப் பின் கிளிப் போட ஆறு மாதம் காத்திருப்பது பழைய வழக்கம். 4 வாரத்தில் தொடங்கினாலும் பலன் குறையவில்லை என்று 2021இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. சர்க்கரையும் சிகரெட்டும் கட்டுக்குள் வராமல் இதெல்லாம் நிலைக்காது.

அவசரப்பட்டு வீக்கத்தோடு பல்லை நகர்த்தினால், மிச்ச எலும்பும் வேகமாகப் போய்விடும்.

விசைதான் அடுத்த சிக்கல். எலும்பு குறையக் குறையப் பல்லின் பிடிமானம் வேர் நுனியை நோக்கி இறங்குகிறது. சாதாரண இழுப்பே பல்லைச் சாய்த்துவிடும். நீண்டு இறங்கிய முன்பல்லை எலும்புக்குள் ஏற்ற, பல்லுக்கு 10–15 கிராம் விசை போதும். கடைவாய்ப் பற்களே ஆடினால், இழுப்பதற்கு எலும்பில் மினி ஸ்க்ரூ போடுவார்கள். கடைவாய்ப் பல்லில் பல்லைச் சுற்றிப் போடும் வளையத்துக்குப் பதில் ஒட்டும் ட்யூப் (கம்பி நுழையும் சிறு குழாய்), கம்பியைப் பிடிக்கும் ரப்பருக்குப் பதில் மெல்லிய ஸ்டீல் கட்டுக்கம்பி என்று கேட்டு வாங்குங்கள். அழுக்கு குறைவாகச் சேரும்.

பல் இடுக்கைத் தேய்க்கும் குட்டி பிரஷ் தினமும் உண்டு. இடுக்கில் லேசாக உரசிப் போகும் அளவுதான் சரி. ஒரே வாய்க்கு இரண்டு மூன்று அளவு தேவைப்படலாம். கம்பி மாற்றும் தேதியை யாரும் மறப்பதில்லை, மூன்று மாத ஈறு சுத்தத்தைத்தான் மறக்கிறார்கள். நடுவில் சீழோ இரத்தமோ வந்தால் விசையை நிறுத்திவிட்டு ஈறைக் கவனிக்க வேண்டும்.

பற்கள் சேர்ந்த பிறகு ஈறோரம் கறுப்பு முக்கோண இடைவெளி தெரியும். ஈறு தானாக ஏறி வராது. இரு பற்கள் தொடும் இடத்தில் மொத்தம் அரை மி.மீ. வரை தேய்த்து நெருக்கினால் ஓரளவு மறையும்.

பற்கள் மறுபடி நகராமல் பிடிக்க, பின்னால் ஒட்டும் ரீடெய்னர் கம்பி ஆயுளுக்கும் இருக்க வேண்டும். ஒரு பல்லில் மட்டும் ஒட்டு விட்டுப்போனால் வலிக்காது, அந்தப் பல் மட்டும் நகர்ந்துவிடும். ஆகவே ஒவ்வொரு சுத்தத்தின்போதும் ஒட்டுகளைத் தனித்தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.